அறுக்காத வயலுக்கு அறுவடைத் திருநாளா?

2024 டிசம்பர் 26 – வாசகர் ஒருவரின் கேள்வி

எட்டாம் வகுப்புக்குப் பொங்கலைப் பற்றி 2 பாடவேளை நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். நான்கு படம், ஒரு கட்டுரை. இதில் நடத்த என்ன இருக்கிறது? வீட்டில் கொண்டாடித் தெரிந்துகொள்வதை நாம் எதற்குக் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டும்? முன்னோருக்குப் படைப்பது, குலதெய்வம் இதையெல்லாம் தொடவே கூடாது என்பது என் கட்சி. அறுவடைத் திருநாள் என்று சொன்னோமா, முடித்தோமா என்று இருக்கவேண்டும்.

2024 டிசம்பர் 26, இரவு

சொல்லிவிட்டு முடிக்கத்தான் நானும் பார்த்தேன். முடியவில்லை.

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிற ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், "நெல் அறுவடை முடிந்து, புது அரிசியில் பொங்கலிட்டு, சூரியனுக்கு நன்றி சொல்கிறோம்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "சார், எங்க வயல்ல இப்பத்தான் கதிரே வருது. அறுப்புக்கு மாசி ஆயிரும். அப்ப இது எந்த அரிசி?"

"ரேஷன் அரிசிலே" என்றான் பக்கத்தில் இருந்தவன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அவன் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கம் இரண்டு பருவம். கார் சாகுபடி ஜூனில் தொடங்கிப் புரட்டாசி வாக்கில் அறுப்புக்கு வரும். பிசானம் புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பு. தை 1 அன்று வெளியே போய்ப் பார்த்தால் வயல் பச்சைப் பசேல் என்று நிற்கும். அறுவடைத் திருநாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அறுக்காத வயல். அதைப் பார்க்கத் தெரிந்தவன் கடைசி பெஞ்சில் இருந்தான், நான் மேஜைப் பக்கம் நின்றேன்.

2024 டிசம்பர் 27

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "எங்களுக்குப் பொங்கல் அறுவடைத் திருநாள்தான் ஐயா, உங்கள் ஊர்க் கணக்கை எங்கள் மேல் ஏற்றாதீர்கள்." சரிதான், ஏற்றவில்லை. டெல்டாவில் சம்பா தையில் அறுப்புக்கு வரும். பாடப்புத்தகப் பொங்கல் பெரும்பாலும் சம்பாப் பொங்கல்தான். ஆனால் அங்கேயும் எல்லா வருடமும் ஒன்றுபோல் இருப்பதில்லையே. மேட்டூரில் தண்ணீர் திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. இந்த வருடம் திறந்தது ஜூலை 28. அதற்குத் தகுந்தபடி நாற்று, நடவு, அறுப்பு எல்லாம் நகரும். தை 1 மட்டும் நகராது.

கரிசல் பக்கம் இன்னும் வேறு. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பிள்ளைகளைக் கேட்டால் உளுந்து, பாசி, மக்காச்சோளம் என்பார்கள். அவர்களுக்கு நெற்கதிர் படம் போட்ட பொங்கல் வாழ்த்து அட்டை வெளியூர்க்காரர் அனுப்பியதுபோலத்தான் இருக்கும்.

அதனால் இப்போதெல்லாம் பாடத்தை ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறேன்: "இன்றைக்கு உங்கள் ஊர் வயலில் என்ன நிற்கிறது?" வயல் இல்லாத பிள்ளைகள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். இதற்கே ஒரு பாடவேளை போய்விடும். போகட்டும்.

2024 டிசம்பர் 29

வேறொரு திருத்தம். இது நானே பல வருடம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புகிறது." இல்லை. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. போன வாரமே திரும்பிவிட்டது. தை 1 என்பது சூரியன் மகர ராசிக்குள் போகிற நாள். ஏறக்குறைய 1,700 வருடத்துக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் வந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நம் பஞ்சாங்கக் கணக்கும் பருவமும் சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போகின்றன.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு நல்ல வழி கிடைத்தது. விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அவர் பிறந்த தேதி 1863 ஜனவரி 12. இப்போது சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15. "அப்போ இன்னும் ஆயிரம் வருசம் போனா பொங்கல் ஜனவரி கடைசியில வருமா சார்?" என்று ஒருத்தி கணக்குப் போட்டுக் கேட்டாள். வரும் என்றேன். "குடியரசு தினமும் பொங்கலும் ஒண்ணா வந்தா ஒரு லீவு போச்சே" என்று அடுத்த குரல். வகுப்பில் அச்சுச் சுழற்சியின் தீமை எல்லாருக்கும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

2025 ஜனவரி 3

முன்னோர் பகுதியை விட்டுவிடச் சொன்னவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்ததுதான் காரணம்.

சில வருடத்துக்கு முன்பு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். "உங்கள் தாத்தா, பூட்டன், ஓட்டன் பெயர்களை எழுதுக. உங்கள் குலதெய்வம் எது, எந்த ஊரில் இருக்கிறது, எப்போது போவீர்கள்?" மரம்போல ஒரு படமும் வரையச் சொன்னேன். நல்ல பாடம் என்று எனக்குள் ஒரே பெருமை.

மறுநாள் 40 பேரில் 26 பேர்தான் எழுதி வந்தார்கள். விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையன் தாத்தா இடத்தில் ஏதோ நடிகர் பெயரை எழுதியிருந்தான். அப்பா பெயர் எழுதவேண்டிய கட்டத்தை ஒருத்தி அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகி இருந்தது. அதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்ளலாம். மதிய இடைவேளையில் நோட்டுகள் கைமாறின. யார் குலதெய்வம் எது என்று பார்த்து, யார் என்ன ஆள் என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் குலதெய்வத்தின் பெயரும் ஊரும் தெரிந்தால் போதும், சாதி தெரிந்துவிடும். அதைக் கேட்டு எழுதி வாங்கியது நான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டிவரக் கூடாது, மோதிரம், பொட்டு என்று சாதி காட்டும் அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கயிறை அறுத்துவிட்டு அதே தகவலை வீட்டுப்பாடமாக நானே வாங்கினால் என்ன அர்த்தம்?

ஆகவே கேள்வி கேட்டவரே, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்கிற தீர்வு சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2025 ஜனவரி 4

மேலே எழுதியது ரொம்பக் கனமாகிவிட்டது. இதைப் படியுங்கள்.

குறள் 43-இல் வருகிற தென்புலத்தார் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் தமிழாசிரியை. இறந்துபோன முன்னோர் என்று எழுத வேண்டும். ஒருவன் எழுதியது: "திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்தினர்." அடுத்து வருகிற கடமைகளையும் சேர்த்து விளக்கியிருந்தான்: "இவர்களையும், சாமியையும், விருந்தாளியையும், சொந்தக்காரரையும் காப்பாற்ற வேண்டும்." அரை மதிப்பெண் போடலாமா என்று டீச்சர் என்னிடம் கேட்டார். முழுதாகப் போடுங்கள் என்றேன்.

2025 ஜனவரி 10

பள்ளியில் இன்று சமத்துவப் பொங்கல். ஓலை கிடைக்கவில்லை என்று யாரோ காஸ் அடுப்பைக் கொண்டுவந்து, புது மண்பானையை நேரே தூக்கி அதன்மேல் வைத்தார்கள். பழக்காத பானை. பால் பொங்குவதற்கு முன்னால் அடி விட்டுப்போய், மொத்தமும் அடுப்புக்குள். "பொங்கலோ பொங்கல்" என்று கத்தத் தயாராக நின்ற பிள்ளைகள் என்ன கத்துவது என்று தெரியாமல் நின்றார்கள்.

சத்துணவுக்கூடத்து அக்கா வந்து, ஒரு நாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மெதுவாகச் சூடேற்றிப் பழக்கின பிறகுதான் மண்பானையில் உலை வைக்க வேண்டும் என்றார். 5 நிமிடம் பேசியிருப்பார். எனக்குத் தெரிந்து இன்று பள்ளியில் பொங்கலைப் பற்றி நடந்த ஒரே பாடம் அதுதான். மேடையில் நடந்த பேச்சுப்போட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம், குக்கரில் வைத்தோம்.

2025 ஜனவரி 16

விடுமுறை. நிதானமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வாசலில் அடுப்புக்கட்டி வைத்து, பனை ஓலை எரித்து, விடிவதற்குள் பால் பொங்கிவிட வேண்டும். கட்டிகளுக்குக் காவியும் சுண்ணாம்பும் பூசுவது சின்ன வயதில் என் வேலை. குழம்புக்குச் சிறுகிழங்கு, பிடிகிழங்கு, சேனை, சேம்பு. தின்பதற்குப் பனங்கிழங்கு, கரும்பு. இப்போது யோசித்தால், புதிதாக விளைந்தது என்று அன்று எங்கள் இலையில் இருந்ததெல்லாம் கிழங்குதான். முதல் குறிப்பில் "அறுவடை இல்லாத பொங்கல்" என்ற தோரணையில் எழுதிவிட்டேன். அது பாதிதான் சரி. நெல் அறுவடை இல்லையே தவிர, மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கிற அறுவடை ஒன்று இருந்திருக்கிறது. நெல்லையே பார்த்துக்கொண்டிருந்ததால் கிழங்கு கண்ணில் படவில்லை.

சிறுவீட்டுப் பொங்கல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் மாவட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கான பொங்கல் அது. மார்கழி முழுக்கக் காலையில் கோலத்தின் நடுவே சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். பிறகு அந்த உருண்டைகளை வரட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் ஒரு நாள், களிமண்ணால் அறை அறையாகச் சின்ன வீடு கட்டி, அதன்முன் பிள்ளைகளே பொங்கல் வைப்பார்கள். சேர்த்த வரட்டிகளைக் கற்பூரம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். என் அக்காவின் சிறுவீட்டில் நான் ஒரு வருடம் தெரியாமல் காலை வைத்து அடுப்படியை இடித்துவிட்டேன். இன்றுவரை குடும்பத்தில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சாயங்காலம் முன்னோருக்குப் படைப்பதும் உண்டு. விளக்குக்கு முன்னால் தலைவாழை இலை, புதுத்துணி, செத்துப்போனவருக்குப் பிடித்தது எதுவோ அது. என் ஆச்சியின் இலையில் வெற்றிலையும் ஒரு பொடிமட்டையும் இருக்கும். ஆச்சி கடைசிவரை மூக்குப்பொடி போட்டவள். பொடி எந்தக் கடையில் வாங்கினது என்று அப்பா விசாரித்துவிட்டுத்தான் வைப்பார், மட்டமான பொடியை ஆச்சி தொட மாட்டாளாம்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. பிள்ளைகளிடம் "யார்" என்று கேட்டதுதான் என் தப்பு. "என்ன வைத்தீர்கள்" என்று கேட்டிருக்கலாம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், தெய்வம் வேண்டாம். இலையில் என்ன இருந்தது, ஏன் அது? பள்ளி திறந்ததும் இதைச் செய்து பார்க்கிறேன்.

2025 ஜனவரி 21

செய்து பார்த்தேன். பாதிக் கிணறுதான் தாண்டினேன்.

ஆரம்பம் அருமையாகப் போனது. ரவாலட்டு, அவித்த முட்டை, காராச்சேவு, சீட்டுக்கட்டு. ஒரு தாத்தாவுக்கு லாட்டரிச் சீட்டு மேல் ஆசை, இப்போது விற்பதில்லை என்பதால் தாளில் எண் எழுதி வைக்கிறார்களாம். பிறகு ஒரு பையன் எழுந்து, "கருவாடு, சுருட்டு, அப்புறம் ஒரு குவார்ட்டர்" என்றான். சிரிப்பு வெடித்தது. அவனும் சிரித்தான். ஆனால் உட்காரும்போது அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது இன்னும் பிடிக்கவில்லை. கறி படைக்கிற வீடு, படைக்காத வீடு என்று இலையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கேள்வியை மாற்றினேன், கதவை மூட மறந்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில், அதே பாடத்தை நடத்தும்போது நான் வாயைத் திறந்து முதலில் ஆச்சியின் பொடிமட்டைக் கதையைச் சொன்னேன். பொடி போட்டு அவள் தும்முவதையும் நடித்துக் காட்டினேன். வாத்தியார் வீட்டு இலையிலேயே மூக்குப்பொடி என்று ஆனபிறகு கருவாடு, சுருட்டு எல்லாம் சாதாரணமாகிவிட்டன. யாரையும் பெயர் சொல்லி எழுப்பவில்லை. சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள், 12 பேர் வாயே திறக்கவில்லை. அவர்களை விட்டுவிட்டேன்.

முதல் வகுப்புப் பையனிடம் தனியாகப் போய், சுருட்டு எந்த வகை என்று கேட்டேன். 10 நிமிடம் சொன்னான்.

2025 ஜனவரி 24

சிவகளை மறுபடியும் செய்தியில். தமிழ்நாட்டில் இரும்பின் காலம் 5,300 வருடம் வரை பின்னால் போகிறது என்று நேற்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு ஆதாரமான மாதிரிகளில் முக்கியமானது எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து போனது, கி.மு. 3345. வகுப்பில் காலையிலிருந்து இதே பேச்சு.

எல்லாரும் இரும்பைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்தியது 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வந்த இன்னொரு அறிவிப்பை. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. ஆய்வகத்துக்கு அனுப்பியதில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. ஏறக்குறைய 3,200 வருடம்.

"நெல்லைவிட இரும்பு பழசா சார்?" என்று கேட்டார்கள். அப்படிச் சொல்ல முடியாது, வேறு வேறு தாழி, வேறு வேறு காலம், கிடைத்தது அவ்வளவு என்றேன். அதைவிட எனக்குப் பிடித்த கேள்வி, நான் எதுவும் சொல்லாமலே வந்தது: "செத்தவங்களுக்கு எதுக்கு சார் நெல்லு?"

அறுவடை, முன்னோர் என்று இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்கவேண்டுமா, வேண்டாமா என்று நாம் இங்கே ஒரு மாதமாக அடித்துக்கொள்கிறோம். அந்தத் தாழியை மூடியவர்கள் நெல்லையும் எலும்பையும் ஒரே பானையில் வைத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரி 30

நேற்று தை அமாவாசை. ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். வகுப்பில் வருகைப் பதிவு குறைவு.

கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "எங்களுக்கு நவம்பர் 2 சார்" என்றாள். கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவள் தாத்தாவுக்குப் பிடித்த கடலைமிட்டாயை அப்பா கல்லறைமேல் வைப்பாராம், அம்மா திட்டுவாராம். பொடிமட்டைக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது.

2025 பிப்ரவரி 12

தைப்பூசம் முடிந்தது. சிறுவீட்டு வரட்டி விட்ட செய்தி இரண்டு பேரிடமிருந்து வந்தது.

இந்த வாரம் வகுப்பை ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் எடுத்துக்கொண்டாள். கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து அந்த நாட்டு விசேஷமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அங்கே சூசொக் என்று ஒரு பண்டிகை. சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் பௌர்ணமி. ஊருக்கு ஊர் ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும். தாத்தா பாட்டி கல்லறையில் புல் வெட்டிச் சுத்தம் செய்வார்கள், புது அரிசியில் சமைத்து முன்னோருக்குப் படைப்பார்கள். அரிசிமாவில் எள்ளுப் பூரணம் வைத்துப் பைன் ஊசியிலைமேல் ஆவியில் வேகவைக்கிற பண்டம் ஒன்று உண்டு. "கொழுக்கட்டை சார், அப்பட்டமான கொழுக்கட்டை" என்றாள்.

கடைசி பெஞ்சில் இன்றைக்கும் ஒருவன் இருக்கிறான் (அந்தப் பழைய ஆள் இல்லை, அவன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான்). "அங்க அன்னைக்கு அறுத்திருப்பாங்களா?" என்றான். நல்ல கேள்வி. சூசொக் செப்டம்பர் தொடக்கத்திலும் வரும், அக்டோபர் தொடக்கத்திலும் வரும். சீக்கிரம் வருகிற வருடங்களில் பெரும்பாலான வயல் அறுப்புக்குத் தயாராக இருக்காது. முன்கூட்டி விளைகிற நெல்லிலிருந்து கொஞ்சம் எடுத்துப் படைப்பார்கள்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அறுவடை விழா என்றால் களம் நிறைந்தபிறகு கொண்டாடுவது என்றே நான் நினைத்திருந்தேன். பல இடங்களில் அது முதல் பிடிக் கதிருக்கான விழா. கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களில் நிறைபுத்தரிசி ஆடியிலேயே வந்துவிடும். கதிர்க்கட்டைக் கோயிலில் வைத்து, ஆளுக்கு நாலு கதிர் கொடுத்துவிடுவார்கள், வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிடலாம். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தன்று புதிர், அதாவது முதல் நெற்கதிர், எடுப்பார்கள். மேற்கு ஒடிசாவில் நுவாகாய், பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். புது அரிசியைச் சம்பல்பூர்ச் சமலேசுவரிக்குப் படைத்துவிட்டு, வீட்டுப் பெரியவர்கள் காலில் விழுந்தபிறகுதான் சாப்பாடு. முழு அறுவடை இதற்கெல்லாம் பிறகு வரும்.

நாகர்கோவில்காரர் ஒருவர் தனியாக எழுதினார்: "அண்ணாச்சி, எங்களுக்குக் கன்னிப்பூ ஆவணியில அறுப்பு, கும்பப்பூ மாசியில. பேர்லயே மாசத்தை வச்சிருக்கோம். பொங்கலுக்கு எதுவும் கிடையாது, ஆனா கொண்டாட்டத்துக்குக் குறைச்சல் இல்ல." கும்பம் என்றால் மாசி, கன்னி என்றால் புரட்டாசி. அதையும் நீங்கள் ஒரு மாதம் முன்னாலேயே அறுத்துவிடுகிறீர்களே அண்ணாச்சி என்று பதில் போட்டேன். சிரிப்புப் பொம்மை வந்தது.

2025 பிப்ரவரி 23

நேற்று 38 பிள்ளைகளோடு ஆதிச்சநல்லூர் போனோம். திருச்செந்தூர் சாலையில் போகும்போது இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் பழுக்க ஆரம்பித்த பிசான வயல்.

2023 ஆகஸ்டில் திறந்த தள அருங்காட்சியகம் இருக்கிறது. தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள். பாதிப்பேர் கண்ணாடிமேல் நடக்கமாட்டேன் என்று விளிம்பிலேயே நின்றுவிட்டார்கள். உடைந்துவிடும் என்ற பயம் என்று நினைத்தேன். ஒருத்தி சொன்னாள்: "செருப்புக் காலோட எப்படி சார் அவங்க மேல நிக்கிறது?" நான் அதுவரை நடுவில் ஷூவோடு நின்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, பொருள்களைப் பெர்லினுக்கு அள்ளிக்கொண்டு போனார். 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ முறையாகத் தோண்டினார். தாழிக்குள் வைத்த சின்னப் பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் பொன்பட்டமும் இரும்பு வாளும்தான் பிடித்தன. உமியைப் பற்றிச் சொன்னபோது குறிப்பெடுத்தவர்கள் 3 பேர். வரும்போது பஸ்ஸில் ஒரே குத்துப்பாட்டு.

2025 மார்ச் 10

பிசானம் அறுப்பு தொடங்கிவிட்டது. பள்ளிக்குப் பின்னால் உள்ள வயலில் இயந்திரம் இறங்கியதால் இன்று பாடமே நடத்த முடியவில்லை, அவ்வளவு சத்தம். அரைநாளில் அறுத்து, அடித்து, நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. கொத்து, களம், பொலி, தூற்றுதல் என்று நான் எழுதிப்போட்ட சொற்களில் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை. பழைய சொற்களுக்கு வருத்தப்பட்டு ஒரு பத்தி எழுதினேன், அழித்துவிட்டேன். குனிந்து அறுத்தவர்கள் முதுகைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

இயந்திரம் புகமுடியாத மூலைகளில் கையால் அறுத்தார்கள். வயல்காரர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து ஆளுக்கு ஒரு பிடி கதிர் கொடுத்தார். அவர்கள் அதைச் சேர்த்துக் கட்டி வகுப்பு நிலைப்படியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நிறைபுத்தரிசிக் கதை யார் மனதிலோ தங்கியிருக்கிறது. தேதி மார்ச் 10, தை போய் மாசியும் முடியப்போகிறது.

2025 ஏப்ரல் 12

நேற்று பங்குனி உத்திரம். எங்கள் பக்கம் அன்று சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் குறைவு. சென்னை, மும்பை, வளைகுடா என்று எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே, காட்டுக்குள், ஆற்றோரம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா. பொங்கலைவிட இதுதான் எங்கள் முன்னோர் விழா என்று சொல்லலாம். ஒரே தாத்தாவின் வழிவந்தவர்கள் எல்லாரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது ஒன்றுதான்.

இதை வகுப்பில் நடத்தமாட்டேன். ஜனவரி 3 குறிப்பில் சொன்ன அதே காரணம்: யார் எந்தச் சாஸ்தா என்பது யார் எந்த ஆள் என்பதில் போய் நிற்கும். ஆக, கேள்வி கேட்டவரே, பாதி உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன். உமி வைத்த தாழியைப் பற்றிப் பேசுவேன், பொடிமட்டையைப் பற்றிப் பேசுவேன், சாஸ்தாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு. எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

2025 ஜூலை 26

நேற்று முன்தினம் ஆடி அமாவாசை. பாபநாசத்தில் கூட்டம். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போன பிள்ளைகள் இன்னும் திரும்பவில்லை, திங்கட்கிழமைதான் வருவார்கள்.

இரண்டு விஷயம். இந்த இழையைப் பாடத்திட்டமாக்கி அனுப்பச் சொல்லி 5 பேர் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வயலில் என்ன நிற்கிறது என்று கேளுங்கள், உங்கள் வீட்டு இலையில் என்ன இருந்தது என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், மண்பானையை முந்தின நாளே ஊறவையுங்கள்.

நிலைப்படியில் கட்டிய கதிரைப் பற்றிக் கேட்டவருக்கு: கோடை விடுமுறையில் அணில் மொத்தமும் தின்றுவிட்டது. இப்போது தொங்குவது வெறும் வைக்கோல். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏணி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லையாம்.